சிங்குவே தெர்ரே நடைபயணப் பாதைகள்

சிங்குவே தெர்ரே நடைபயணப் பாதைகள் என்பவை இத்தாலியின் வடமேற்கே, லிகூரியா மாநிலத்தின் மத்தியதரைக்கடல் கரையோர மலைச்சரிவுகளில் அமைந்துள்ள நடைவழிகளின் தொகுதியாகும். மொன்தெரோசோ, வெர்னாட்சா, கொர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே ஆகிய ஐந்து ஊர்களை இவை ஒன்றோடொன்று இணைக்கின்றன. அவ்வூர்களுக்குப் பின்னால் உயரும் மலைமுகட்டையும், இரு பக்கங்களிலும் உள்ள லேவாந்தோ, போர்த்தோவேனெரே ஆகிய நகரங்களையும் இப்பாதைகள் தொடுகின்றன. குறுகிய தொலைவுக்குள்ளேயே கடற்பாறை, திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு, புதர்க்காடு, பைன் காடு, செஸ்ட்நட் காடு எனப் பல்வேறு நிலத்தோற்றங்களை இப்பாதைகளில் காணலாம்.

இப்பாதைகள் சுற்றுலாவுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் பயிரிட்ட உழவர்கள் தம் நிலங்களுக்கும், அண்டை ஊர்களுக்கும், மலைமேல் உள்ள கோயில்களுக்கும் செல்வதற்காகப் பயன்படுத்திய வழிகளே இன்று நடைபயணப் பாதைகளாக உள்ளன. பாதைகளைத் தாங்கி நிற்பவை அவ்வுழவர்கள் சாந்து இன்றி அடுக்கிய கற்சுவர்கள் ஆகும். வேளாண்மை குறைந்து சுவர்கள் பராமரிப்பின்றிப் போகும் இடங்களில் நிலச்சரிவு ஏற்பட்டுப் பாதைகளும் அழிகின்றன. இதனால் இப்பகுதியில் பாதைகளைப் பாதுகாப்பது வேளாண்மையைப் பாதுகாப்பதிலிருந்து பிரிக்க முடியாததாக உள்ளது.

இப்பகுதி 1997 ஆம் ஆண்டில் போர்த்தோவேனெரே, பல்மாரியா, தீனோ, தினேத்தோ தீவுகள் ஆகியவற்றுடன் சேர்த்து யுனெஸ்கோ அமைப்பால் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. 1999 ஆம் ஆண்டில் சிங்குவே தெர்ரே தேசியப் பூங்கா உருவாக்கப்பட்டது. 3,868 எக்டேர் பரப்பளவு கொண்ட இது இத்தாலியின் தேசியப் பூங்காக்களுள் மிகச் சிறியதாகும்.

பெயர்

இத்தாலிய மொழியில் "சிங்குவே" என்பது ஐந்து என்றும், "தெர்ரே" என்பது நிலங்கள் என்றும் பொருள்படும். இங்கு நிலம் என்பது ஊர் என்னும் பொருளில் வழங்குகிறது. எனவே "ஐந்து ஊர்கள்" என்பதே இப்பெயரின் கருத்தாகும். ஆட்சி அமைப்பின்படி இவ்வைந்து ஊர்களும் மூன்று நகராட்சிகளுக்குள் அடங்குகின்றன. கொர்னிலியா வெர்னாட்சா நகராட்சியையும், மனரோலா ரியோமஜோரே நகராட்சியையும் சேர்ந்தவை. மூன்றும் லா ஸ்பெட்சியா மாகாணத்துக்குள் உள்ளன.

புவியியல்

இங்கு மலைத்தொடர் கடலை ஒட்டியே செல்கிறது. கரைக்கும் மலைமுகட்டுக்கும் இடையே சமவெளி என்று கூறத்தக்க நிலம் ஏதுமில்லை. இப்பகுதியின் மிக உயர்ந்த சிகரமான மால்பெர்தூசோ மலை கடல் மட்டத்திலிருந்து 815 மீட்டர் உயரமானது. ஆயினும் கடலிலிருந்து அதன் நேர்த்தொலைவு சில கிலோமீட்டர்களே ஆகும். ஓடைகள் குறுகியவை, செங்குத்தாக இறங்குபவை. கோடையில் வறண்டு கிடக்கும் இவ்வோடைகள் இலையுதிர்கால மழையில் சிறிது நேரத்திலேயே பெருக்கெடுக்கும். வெர்னாட்சா, மனரோலா, ரியோமஜோரே ஆகியவை இத்தகைய ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் அமைந்த ஊர்களாகும். இவ்வூர்களின் முதன்மைத் தெருக்களுக்கு அடியில் ஓடைகள் மூடப்பட்டு ஓடுகின்றன.

கொர்னிலியா மட்டும் கடலிலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை முனையின் மீது அமைந்துள்ளது. இதற்குத் துறைமுகம் இல்லை. தொடர்வண்டி நிலையத்திலிருந்து ஊரை அடைய 380 அளவிலான படிகளை ஏற வேண்டும். பெரிய மணற்கடற்கரை கொண்டது மொன்தெரோசோ ஒன்றேயாகும்.

பாறை வகைகளும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஐந்து ஊர்ப் பகுதியின் பெரும்பகுதி மணற்கல்லால் ஆனது. சுவர்கள் கட்டப் பயன்பட்டதும் இக்கல்லேயாகும். மேற்கே மெஸ்கோ முனையில் கடலடித் தரையிலிருந்து தோன்றிய கரும்பச்சைப் பாறைகளையும், கிழக்கே போர்த்தோவேனெரேயில் வெளிறிய சுண்ணக்கல் செங்குத்துப் பாறைகளையும் காணலாம். பொன்னிறக் கோடுகளுடன் கூடிய "போர்த்தோரோ" என்னும் கருநிறப் பளிங்குக்கல் போர்த்தோவேனெரேப் பகுதியில் வெட்டி எடுக்கப்பட்டது.

படிநிலங்களும் கற்சுவர்களும்

செங்குத்தான சரிவில் பயிர் செய்வதற்கு முதலில் சமதளம் உருவாக்கப்பட வேண்டும். இதற்காகச் சரிவை வெட்டி, கீழ்ப்பக்கத்தில் கற்சுவர் எழுப்பி, சுவருக்கும் சரிவுக்கும் இடையே மண்ணை நிரப்பினர். இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த ஒடுங்கிய நிலங்களே படிநிலங்கள் எனப்படுகின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகப் பல தலைமுறையினரின் கையுழைப்பால் இவை உருவாகின.

சுவர் கட்டும் முறை பின்வருமாறு:

* முதலில் தளர்ந்த மண் அகற்றப்பட்டு, உறுதியான தரையின் மீது பெரிய கற்கள் அடித்தளமாக வைக்கப்படும்.
* சுவர் சரிவை நோக்கிச் சற்றே உட்சாய்ந்திருக்குமாறு கற்கள் அடுக்கப்படும். ஒவ்வொரு கல்லும் கீழ் வரிசையிலுள்ள இரு கற்களின் மீது அமருமாறு வைக்கப்படும்.
* சுவரின் பின்புறத்தில் சிறு கற்கள் நிரப்பப்படும். மழைநீர் இக்கற்களின் வழியே வடிந்து வெளியேறும்.
* சுண்ணச்சாந்தோ சிமெந்தோ பயன்படுத்தப்படுவதில்லை.

சாந்து பயன்படுத்தாமை இச்சுவரின் குறையன்று. அதுவே அதன் வலிமையாகும். சாந்து பூசி அடைத்த சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கினால், நீரின் அழுத்தம் சுவரைத் தள்ளிவிடும். கல்லடுக்குச் சுவரிலோ நீர் இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறுகிறது. மண்ணின் சிறு அசைவுகளுக்கு ஏற்பக் கற்களும் சிறிது இடம்பெயர்ந்து மீண்டும் நிலைகொள்கின்றன. ஆனால் இச்சுவருக்கு இடைவிடாத கவனிப்புத் தேவை. ஒரு கல் விழுந்தால் உடனே எடுத்து வைக்க வேண்டும். இல்லையேல் அவ்விடத்தில் மண் சரிந்து, சுவர் வயிறு தள்ளி, அடுத்த மழையில் இடிந்து விழும். மேலே இடியும் சுவரின் கல்லும் மண்ணும் கீழுள்ள படிநிலத்தின் மீது விழுவதால் சேதம் தொடர்ச்சியாகப் பரவுகிறது.

சாந்தின்றிக் கற்சுவர் கட்டும் கலையை யுனெஸ்கோ 2018 ஆம் ஆண்டில் மனித குலத்தின் தொட்டறிய முடியாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இத்தாலி, குரோவாசியா, சைப்பிரசு, பிரான்சு, கிரேக்கம், சுலோவீனியா, எசுப்பானியா, சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகள் இணைந்து இதற்கு விண்ணப்பித்திருந்தன.

வரலாறு

தொடக்க காலம்

கரையோர ஊர்கள் ஏறத்தாழ 11 ஆம் நூற்றாண்டிலிருந்து வளர்ச்சி பெற்றன. 13 ஆம் நூற்றாண்டில் இப்பகுதி செனோவாக் குடியரசின் ஆளுகைக்குள் வந்தது. கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் கட்டிய கோட்டைகளின் எச்சங்கள் வெர்னாட்சாவிலும் பிற ஊர்களிலும் உள்ளன. இங்கு விளைந்த வைன் பழங்காலத்திலேயே பெயர் பெற்றிருந்தது. 14 ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ எழுதிய "தெக்காமெரோன்" நூலில் கொர்னிலியாவின் வைன் குறிப்பிடப்பட்டுள்ளது.

அக்காலத்தில் வெளியுலகுக்குச் செல்ல இரு வழிகளே இருந்தன. ஒன்று கடல் வழி. மற்றொன்று மலைமுகட்டைக் கடக்கும் கழுதைப் பாதை. கடல் கொந்தளிக்கும் நாட்களில் நடைவழி மட்டுமே எஞ்சியது. அறுவடைக் காலத்தில் திராட்சைக் கூடைகளை மக்கள் தலையிலும் தோளிலும் சுமந்து இப்பாதைகளில் இறங்கினர்.

தொடர்வண்டிப் பாதையும் வேளாண்மையின் வீழ்ச்சியும்

செனோவாவையும் லா ஸ்பெட்சியாவையும் இணைக்கும் தொடர்வண்டிப் பாதை 1874 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இதன் பெரும்பகுதி சுரங்கங்களின் வழியே செல்கிறது. பல மணி நேரம் நடந்து அடைய வேண்டியிருந்த ஊர்களைச் சில நிமிடங்களில் அடைய இது வழி செய்தது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1869 இல், லா ஸ்பெட்சியாவில் கடற்படைத் தளவாடத் தொழிற்சாலை திறக்கப்பட்டிருந்தது. தொடர்வண்டியில் வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவது இயன்றதால் பலர் மாதச் சம்பள வேலையை நாடினர். 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திராட்சைக் கொடிகளைத் தாக்கிய பைலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி பெரும் இழப்பை ஏற்படுத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இளைஞர்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். உயரத்தில் இருந்த படிநிலங்களும், ஊரிலிருந்து தொலைவில் இருந்தவையும் முதலில் கைவிடப்பட்டன.

சுற்றுலாவும் தேசியப் பூங்காவும்

20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடைபயணிகள் இப்பாதைகளை நாடி வரத் தொடங்கினர். 1997 ஆம் ஆண்டின் உலக பாரம்பரிய அறிவிப்புக்குப் பின்னர் அவர்கள் எண்ணிக்கை பெருகியது. பொதுவாகத் தேசியப் பூங்காக்கள் காட்டையும் வனவிலங்குகளையும் காக்க அமைக்கப்படுகின்றன. சிங்குவே தெர்ரே பூங்காவோ மனிதர் உருவாக்கிய வேளாண் நிலத்தோற்றத்தைக் காப்பதை முதன்மை நோக்கமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. கரையோரக் கடற்பகுதி 1997 இலேயே கடல்சார் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

பாதைகளின் வகைகள்

பாதைகளுக்கு இத்தாலிய ஆல்ப்பைன் கழகத்தின் முறைப்படி எண்கள் இடப்பட்டுள்ளன. பாறைகளிலும் சுவர்களிலும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் வழிகாட்டியாகத் தீட்டப்பட்டுள்ளன. பாதைகளைப் பின்வருமாறு மூன்று வகைப்படுத்தலாம்:

* கடலை ஒட்டி ஊர்களை இணைக்கும் கரையோரப் பாதை
* மலைமுகட்டின் மீது செல்லும் உயர்வழி
* இவ்விரண்டையும் இணைத்துச் செங்குத்தாக ஏறும் பாதைகள். இவற்றுள் பல மலைக்கோயில்களின் வழியே செல்கின்றன.

நீலப் பாதை

இத்தாலிய மொழியில் "சென்தியேரோ அட்சூரோ" எனப்படும் நீலப் பாதை ஐந்து ஊர்களையும் இணைக்கும் கரையோரப் பாதையாகும். முன்னர் 2 ஆம் எண் பாதையாக இருந்த இது பின்னர் 592 என எண்ணிடப்பட்டது. மொத்த நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் ஆகும். இது நான்கு பகுதிகளைக் கொண்டது.

மொன்தெரோசோ – வெர்னாட்சா: ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளமானது. கரையோரப் பாதையின் மிகக் கடினமான பகுதி இதுவே. எலுமிச்சைத் தோட்டங்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கற்படிகளில் ஏறி இறங்க வேண்டும். சில இடங்களில் பாதை என்பது படிநிலச் சுவரின் மேல்விளிம்பே ஆகும். எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்கு அது ஒடுக்கமானது. கடக்க இரண்டு மணி நேரம் வரை ஆகலாம்.

வெர்னாட்சா – கொர்னிலியா: நீளம் முந்தைய பகுதியை ஒத்தது. ஆலிவ் தோப்புகளின் வழியே ஏறும் இப்பாதை பிரேவோ என்னும் சிற்றூரில் 200 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தை அடைகிறது. நீலப் பாதையின் மிக உயர்ந்த இடம் இதுவாகும்.

கொர்னிலியா – மனரோலா: கடலோரமாகச் செல்லும் இப்பகுதி நிலச்சரிவுகளின் காரணமாக நெடுங்காலமாக மூடப்பட்டுள்ளது. நடைபயணிகள் மாற்றுவழியாக வொலாஸ்திரா என்னும் மலையூரின் வழியே செல்கின்றனர். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் உயரும் இம்மாற்றுவழி கூடுதல் நேரமும் உழைப்பும் வேண்டுவது. எனினும் இன்றும் பயிரிடப்படும் திராட்சைத் தோட்டங்களின் நடுவே நெடுந்தொலைவு செல்வதால், படிநில வேளாண்மையை அருகிருந்து காண விரும்புவோருக்கு இதுவே சிறந்த பாதை எனலாம். மனரோலாவிலிருந்து வொலாஸ்திராவுக்கு ஏறும் பாதை 506 என எண்ணிடப்பட்டுள்ளது.

மனரோலா – ரியோமஜோரே: "வியா தெல்லமோரே" அதாவது "காதல் பாதை" என அறியப்படும் இப்பகுதி ஒரு கிலோமீட்டருக்கும் குறைவானது, ஏறத்தாழ சமதளமானது. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடர்வண்டிச் சுரங்கப் பணிகள் நடந்தபோது, வெடிமருந்தைக் குடியிருப்புகளுக்கு வெளியே சேமித்து வைப்பதற்காகச் செங்குத்துப் பாறையைக் குடைந்து அமைத்த வழிகளே பின்னர் இப்பாதையாயின. அதற்கு முன்னர் இவ்விரு ஊர்களுக்கும் இடையே குன்றின் மீது ஏறி இறங்கும் "பெக்காரா" என்னும் செங்குத்துப் படிவழியே இருந்தது. இருவூர் இளைஞர்களும் சந்திக்கும் இடமாக ஆனதால் காதல் பாதை என்னும் பெயர் ஏற்பட்டது. 2012 செப்டம்பரில் பாறைகள் சரிந்து விழுந்து நான்கு சுற்றுலாப் பயணிகள் காயமடைந்ததால் இப்பாதை மூடப்பட்டது. பாறைச்சுவரைக் கம்பிவலைகளாலும் நங்கூரக் கம்பிகளாலும் உறுதிப்படுத்தும் பணிகளுக்குப் பின்னர் 2024 ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. முன்பதிவும் தனிக் கட்டணமும் கொண்டு ஒரு நேரத்தில் செல்வோரின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டது.

உயர்வழி

"அல்தா வியா" எனப்படும் உயர்வழி லேவாந்தோவையும் போர்த்தோவேனெரேயையும் மலைமுகட்டின் வழியே இணைக்கிறது. இதன் நீளம் 35 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. பலரும் இதனை இரண்டு நாட்களில் கடக்கின்றனர். கரையோரத்தின் நெரிசல் இங்கு இல்லை. செஸ்ட்நட், பைன், ஓக் மரக் காடுகளின் நிழலில் செல்லும் இப்பாதையில் ஒரு பக்கம் கடலும், மறு பக்கம் உள்நாட்டு வாரா ஆற்றுப் பள்ளத்தாக்கும் தோன்றும். காற்றும் மேகமும் கூடும் நாட்களில் கரையில் வெயிலும் முகட்டில் மூடுபனியும் ஒரே வேளையில் இருப்பதுண்டு.

திருத்தலப் பாதைகள்

ஒவ்வோர் ஊருக்கும் மலைமேல் கன்னி மரியாளுக்குரிய ஒரு திருத்தலம் உண்டு. அவை பின்வருமாறு:

* மொன்தெரோசோ – சொவியோரே
* வெர்னாட்சா – ரெஜ்ஜோ
* கொர்னிலியா – சான் பெர்னார்தீனோ
* மனரோலா – வொலாஸ்திராவில் உள்ள ஆரோக்கிய அன்னை திருத்தலம்
* ரியோமஜோரே – மொந்தெநேரோ

ஊரிலிருந்து திருத்தலத்துக்கு ஏறும் கல் பாவிய வழிகள் திருவிழா ஊர்வலங்களுக்கும் வேளாண் தேவைக்கும் ஒருங்கே பயன்பட்டன. திருத்தலங்களைத் தமக்குள் இணைக்கும் நடுமலைப் பாதையும் உள்ளது. பெரும்பாலும் 300 முதல் 500 மீட்டர் உயரத்தில் செல்லும் இது, கரையோரப் பாதை மூடப்படும் காலங்களில் ஊர்களுக்கிடையே நடப்பதற்கு மாற்றாக அமைகிறது.

லேவாந்தோ – மெஸ்கோ முனை – மொன்தெரோசோ

லேவாந்தோவிலிருந்து மெஸ்கோ முனையைக் கடந்து மொன்தெரோசோவை அடையும் இப்பாதையை மூன்று மணி நேரத்தில் நடக்கலாம். பைன் மரங்களும் நறுமணப் புதர்களும் நிறைந்த முனையின் உச்சி 300 மீட்டருக்குச் சற்று மேற்பட்டது. அங்கே புனித அந்தோனியார் துறவிமடத்தின் இடிபாடுகள் உள்ளன. அவ்விடத்திலிருந்து ஐந்து ஊர்களின் கரையை ஒருசேரக் காணலாம்.

போர்த்தோவேனெரே – ரியோமஜோரே

சுண்ணக்கல் பாறை முனையில் நிற்கும் புனித பேதுரு ஆலயத்துக்குப் பெயர் பெற்ற போர்த்தோவேனெரேயில் இப்பாதை தொடங்குகிறது. செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் ஏறி, கம்பிலியா என்னும் மலையூர் வழியாகத் தெலேகிராஃபோ கணவாயை அடைந்து, மொந்தெநேரோ திருத்தலத்தைக் கடந்து ரியோமஜோரேயில் இறங்குகிறது. ஐந்து மணி நேரம் வரை ஆகும். சுண்ணக்கல் நிலம் மணற்கல் நிலமாக மாறுவதையும், அதற்கேற்பத் தாவரங்கள் மாறுவதையும் இப்பாதையில் தெளிவாகக் காணலாம்.

திரமோந்தி

ரியோமஜோரேக்கும் போர்த்தோவேனெரேக்கும் இடைப்பட்ட செங்குத்துச் சரிவு திரமோந்தி எனப்படுகிறது. "மலைகளுக்கு அப்பால்" என்பது இதன் பொருள். ஸ்கியாரா, மொனெஸ்தெரோலி போன்ற சிறு குடியிருப்புகளுக்கு வாகனச் சாலை இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகளில் இறங்கியே மொனெஸ்தெரோலியை அடைய முடியும். அறுவடைக் காலத்தில் தங்குவதற்காக உழவர்கள் கட்டிய சிறு வீடுகளே இங்குள்ளன. படிநிலங்களில் பெரும்பகுதி புதர் மண்டிவிட்டது.

தாவரங்களும் விலங்குகளும்

உப்புக்காற்று வீசும் கடற்பாறைகளில் கடற்பெருஞ்சீரகம் போன்ற உப்பைத் தாங்கும் செடிகள் வளர்கின்றன. அதற்கு மேல் "மாக்கியா" எனப்படும் மத்தியதரைப் புதர்க்காடு உள்ளது. மிர்ட்டில், ரோஸ்மேரி, தைம், மரஎரிக்கா, ஸ்ட்ராபெரி மரம் ஆகியவை இதில் அடங்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஆனைக்கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் பாதையோரங்களில் பரவியுள்ளன. உயரம் கூடக்கூடப் பசுமைமாறா ஓக் மரங்களும், கடலோரப் பைன் மரங்களும், பின்னர் செஸ்ட்நட் மரங்களும் தோன்றுகின்றன. செஸ்ட்நட் கொட்டைகளை உலர்த்தி அரைத்த மாவு ஒரு காலத்தில் மலைமக்களின் முக்கிய உணவாக இருந்தது.

கடற்காகங்களும் வல்லூறுகளும் செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டுகின்றன. கற்சுவர்களின் இடுக்குகள் பல்லிகளுக்கும் பூச்சிகளுக்கும் வாழிடமாகும். கைவிடப்பட்ட நிலங்களில் புதர் மண்டியதால் காட்டுப்பன்றிகள் பெருகியுள்ளன. கிழங்கும் புழுவும் தேடி மண்ணைக் கிளறும்போது இவை சுவர்க்கற்களை உருட்டிவிடுவதால் பயிரிடப்படும் நிலங்களுக்கும் கேடு விளைகிறது.

வேளாண்மை

திராட்சையே முதன்மைப் பயிராகும். பொஸ்கோ, அல்பரோலா, வெர்மெந்தீனோ ஆகிய வகைகள் பயிரிடப்படுகின்றன. கடற்காற்றிலிருந்து காக்கக் கொடிகள் தரைக்கு அருகிலேயே தாழ்ந்த பந்தல்களில் படரவிடப்படுவது வழக்கம். இதனால் உழவர்கள் குனிந்தும் தவழ்ந்தும் வேலை செய்ய நேர்ந்தது. பழுத்த திராட்சையைப் பல வாரங்கள் நிழலில் உலர்த்திப் பிழிந்து செய்யப்படும் "ஷாக்கெத்ரா" என்னும் இனிப்பு வைன் இப்பகுதிக்கே உரியது. இப்பகுதி வைன்களுக்கு 1973 ஆம் ஆண்டில் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. மொன்தெரோசோவின் எலுமிச்சையும், உப்பிட்டுப் பதப்படுத்திய நெத்திலி மீனும் பெயர் பெற்றவை.

உழவு இயந்திரங்கள் இந்நிலங்களில் செல்ல இயலாது. செங்குத்துச் சரிவில் பல்சக்கரத்தின் துணையுடன் ஏறும் ஒற்றைத் தண்டவாள வண்டிகள் அறுவடையைச் சுமக்கப் பயன்படுகின்றன. நடைபாதைகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் இத்தண்டவாளங்களைப் பல இடங்களில் காணலாம்.

2011 வெள்ளப் பேரிடர்

2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் பெய்த பெருமழையால் வெர்னாட்சாவும் மொன்தெரோசோவும் பேரழிவுக்கு உள்ளாயின. சரிவுகளிலிருந்து வந்த மண்ணும் கல்லும் மரங்களும் மூடப்பட்ட ஓடைகளை அடைத்துத் தெருக்களின் வழியே பாய்ந்தன. வெர்னாட்சாவின் முதன்மைத் தெரு பல மீட்டர் உயரத்துக்குச் சேற்றால் மூடப்பட்டது. அவ்வூரில் மூவர் உயிரிழந்தனர். மொன்தெரோசோவில் ஒருவர் உயிரிழந்தார். பாதைகளின் பல பகுதிகள் அடித்துச் செல்லப்பட்டன.

இப்பேரிடருக்குப் பின்னர் வெர்னாட்சா ஓடைப் பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வுகள், கைவிடப்பட்ட படிநிலங்களில், குறிப்பாக அண்மைப் பத்தாண்டுகளில் கைவிடப்பட்டவற்றில், நிலச்சரிவுகள் மிகுதியாக ஏற்பட்டதைக் காட்டின. இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. உழவர் விட்டுச்சென்ற நிலத்தில் சுவர்கள் பழுதாகின்றன, வடிகால்கள் அடைபடுகின்றன, ஆனால் மண்ணை இறுகப் பிடிக்கும் அளவுக்குக் காடு இன்னும் வளர்ந்திருப்பதில்லை. மனிதர் குவித்து வைத்த மண் தாங்குவாரின்றி நிற்கும் காலம் அது. ஆகவே நிலத்தை விட்டுவிட்டால் இயற்கை தானே அதைச் சீர்படுத்திவிடும் என்னும் கருத்து இச்சரிவுகளுக்குப் பொருந்தாது.

பாதுகாப்பும் சிக்கல்களும்

ஆண்டுதோறும் பல இலட்சம் பயணிகள் வரும் இப்பகுதியில் நிலையாக வாழ்பவர்கள் சில ஆயிரம் பேரே. சுற்றுலாவால் வருவாய் பெருகியது. ஆனால் அறைகளை வாடகைக்கு விடுவது திராட்சை பயிரிடுவதைவிட எளிதாகவும் ஊதியம் மிக்கதாகவும் இருப்பதால் வேளாண்மைக்கு ஆட்கள் மேலும் குறைந்தனர். பயணிகள் காண வரும் நிலத்தோற்றத்தை உருவாக்கிய தொழிலே இவ்வாறு அச்சுற்றுலாவால் நலிவடைவது இப்பகுதியின் முதன்மைச் சிக்கலாகும். வயது முதிர்ந்த கல்லடுக்குநர்களிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு அக்கைத்திறன் செல்லாமல் போவதும் கவலைக்குரியது.

இதனை எதிர்கொள்ளப் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டுள்ளன. கரையோரப் பாதையில் வசூலிக்கப்படும் கட்டணம் பாதைப் பராமரிப்புக்கு உதவுகிறது. கற்சுவர் கட்டுவதைக் கற்பிக்கும் பயிற்சிகளும், தன்னார்வலர்கள் சுவர்களைச் சீரமைக்கும் முகாம்களும் நடத்தப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் மனரோலாவைச் சூழ்ந்த சரிவுகளில் இடிந்த சுவர்கள் மீண்டும் கட்டப்பட்டன. சுவர்கள் சரிவின் உறுதியை எந்த அளவுக்குக் கூட்டுகின்றன என்பதும் இத்திட்டத்தில் அளந்து ஆராயப்பட்டது.

நடைபயணிகளுக்கான விதிமுறைகள்

நீலப் பாதையின் சில பகுதிகளுக்குச் "சிங்குவே தெர்ரே அட்டை" எனப்படும் கட்டண அட்டை தேவை. மலைமேல் செல்லும் பெரும்பாலான பாதைகளுக்குக் கட்டணம் இல்லை. பொருத்தமற்ற காலணிகளுடன் வந்து இடறி விழுவோரை மீட்க வேண்டிய நிலை அடிக்கடி ஏற்பட்டதால், 2019 ஆம் ஆண்டு முதல் செருப்பு போன்ற திறந்த காலணிகளுடன் இப்பாதைகளில் நடப்போருக்குத் தண்டம் விதிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

வசந்த காலமும் இலையுதிர் காலத்தின் தொடக்கமும் நடைபயணத்துக்கு ஏற்றவை. கோடையில் நிழலற்ற படிநிலங்களில் வெப்பம் மிகும். குடிநீரை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கனமழை பெய்வதுண்டு. வானிலை எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் பாதைகள் மூடப்படுவதால் புறப்படுமுன் பூங்கா நிருவாகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது இன்றியமையாதது. ஊர்கள் அனைத்திலும் தொடர்வண்டி நிலையம் இருப்பதால் ஒரு பகுதியை நடந்து, மறு பகுதியைத் தொடர்வண்டியில் கடக்கலாம்.

கற்சுவர்களின் மீது ஏறுவதும் அமர்வதும், குறுக்குவழியாகப் படிநிலங்களில் இறங்குவதும், கற்களை எடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். சாந்தின்றி நிற்கும் சுவரில் மேல்வரிசைக் கல் ஒன்று அசைந்தாலும் அதன் விளைவு அடுத்த மழைக்காலத்தில் கீழுள்ள நிலத்தையும் பாதையையும் சென்றடையும்.